காசுக்குத்தான் போனாரா? அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்தில் ஒரு டிரான்ஸ்ஃபரைப் புரிந்துகொள்ள

2023-ல் ஃப்ளோரிடா அட்லாண்டிக் பல்கலைக்கழகம் 35 ஆட்டங்களை ஜெயித்து ஃபைனல் ஃபோர் (தேசியப் போட்டியின் கடைசி நான்கு அணிகள்) வரை வந்தது. ஹூஸ்டனில் நடந்த அரையிறுதியில், சான் டியேகோ ஸ்டேட்டின் லமான்ட் பட்லர் நேரம் முடியும் நொடியில் போட்ட கூடையால் ஒரே புள்ளியில் தோற்றது. பெரிய கல்லூரிகள் வந்து இந்த அணியை ஆளுக்கொருவராகத் தூக்கிக்கொண்டு போய்விடும் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். அப்படி நடக்கவில்லை. ஆடும் தகுதி (கல்லூரியில் ஆட அனுமதிக்கப்பட்ட வருடங்கள்) மீதமிருந்த முக்கிய வீரர்கள் ஏறக்குறைய எல்லாரும் அங்கேயே இருந்தார்கள். என்.ஐ.எல். பணம் (வீரர் தன் பெயர், உருவம், புகழை வைத்துச் சம்பாதிப்பது) அப்போதும் இருந்தது, அழைப்புகளும் இருந்தன.

அடுத்த வருடம், 2024 மார்ச்சில், கோச் டஸ்டி மே மிச்சிகனுக்குப் போனார். சில வாரங்களில் அணி கலைந்தது. ஏழடி சென்டர் (கூடைக்கு அருகே ஆடும் உயரமான வீரர்) விளாடிஸ்லாவ் கோல்டின் கோச்சோடு மிச்சிகன் போனார். அலிஜா மார்ட்டின் ஃப்ளோரிடா பல்கலைக்கழகம் போனார். ஜானெல் டேவிஸ் ஆர்கன்சா. நிக் பாய்ட் சான் டியேகோ ஸ்டேட்.

ஒரே கல்லூரி, ஒரே கோச், கிளம்பக் காரணமும் ஒன்றுதான். போய்ச் சேர்ந்த இடம் மட்டும் நான்கு. ஒரு வீரர் கல்லூரி மாறியதும் ரசிகர்கள் நடத்தும் வாதம் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் குழம்புகிறது. “ஏன் போனார்” என்பதில் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. இருந்த இடத்தை ஏன் விட்டார் என்பது ஒன்று. அந்தப் புது இடத்தை ஏன் பிடித்தார் என்பது இன்னொன்று. பணம் பெரும்பாலும் இரண்டாவது கேள்விக்குத்தான் பதில். அதை முதல் கேள்விக்குப் பதிலாகச் சொல்லும்போதுதான் “காசுக்கு விலை போய்ட்டான்” என்ற பேச்சு வருகிறது.

இரண்டாவது கேள்விக்கும் பணம் முழுப் பதில் ஆகாது. அந்த நான்கு பேரையும் திரும்பப் பாருங்கள். மிச்சிகனில் 8 வெற்றி, 24 தோல்வி என்ற சீசனுக்குப் பிறகு ஜுவான் ஹாவர்டை நீக்கியிருந்தார்கள். சென்டர் டாரிஸ் ரீட் கனெக்டிகட் போய்விட்டார். ஒரு சென்டருக்கான இடம் திறந்துகிடந்தது, கோல்டின் அதில் உட்கார்ந்தார். ஃப்ளோரிடாவில் ஸயான் புல்லினின் தகுதிக் காலம் முடிந்து, வால்டர் கிளேட்டனுக்குப் பக்கத்தில் ஒரு கார்டு (வெளியே நின்று பந்தைக் கையாளும் ஆட்டக்காரர்) தேவைப்பட்டார், அது மார்ட்டின். கென்டக்கியிலிருந்து ஆர்கன்சாவுக்குப் போன ஜான் கேலிபாரி அணியை ஏறக்குறைய முதலிலிருந்து கட்ட வேண்டியிருந்தது. டேவிஸ் அங்கே போனார். கேலிபாரி விட்டுப்போன கென்டக்கியில், ஸ்காலர்ஷிப்பில் ஆடியவர்களில் ஒருவர்கூட மிஞ்சவில்லை. புதுக் கோச் மார்க் போப் ஆள் சேர்க்க, ஃப்ளோரிடா அட்லாண்டிக்கைத் தோற்கடித்த அதே லமான்ட் பட்லர் சான் டியேகோவை விட்டு கென்டக்கி போனார். பட்லர் விட்ட இடத்துக்கு நிக் பாய்ட்.

ஒரு கோச் நகர்ந்தால் இத்தனை நாற்காலிகள் காலியாகின்றன. எந்த இடத்தில் எந்தப் பொசிஷன் காலி என்ற கணக்கைப் போடாமல் எந்த டிரான்ஸ்ஃபரையும் பேச முடியாது. எவ்வளவு பணம் தந்தாலும், தன் பொசிஷனில் இரண்டு பேர் உட்கார்ந்திருக்கும் அணிக்கு நல்ல வீரர் போகத் தயங்குவார். போனவர்கள் பலர் வருந்தியிருக்கிறார்கள். அதைப் பிறகு சொல்கிறேன்.

முதலில் விதிகள். இவை தெரியாமல் பேசும்போது பாதித் தவறு அங்கேயே நடந்துவிடுகிறது.

டிரான்ஸ்ஃபர் போர்ட்டல், அதாவது கல்லூரி மாற விரும்பும் வீரர்களின் இணையப் பட்டியல், 2018 அக்டோபரில் வந்தது. அதற்கு முன்பு, வேறு கல்லூரியோடு பேசவே இருக்கும் கல்லூரியிடம் அனுமதி வாங்க வேண்டும். சில கோச்கள் குறிப்பிட்ட கல்லூரிகளைப் பெயர் சொல்லித் தடுத்தார்கள். போர்ட்டல் வந்த பிறகு அனுமதி என்ற பேச்சே இல்லை. வீரர் தன் கல்லூரியில் விதிகளைக் கவனிக்கும் கம்ப்ளையன்ஸ் அலுவலகத்துக்கு எழுதிக் கொடுக்கிறார். இரண்டு வேலை நாட்களுக்குள் அவர் பெயரை அவர்கள் பதிவேற்றியாக வேண்டும். பெயர் ஏறியதும் மற்ற கோச்கள் கூப்பிடலாம். ஆனாலும் கூடைப்பந்து வீரர் மாறினால் ஒரு வருடம் ஆடாமல் வெளியே உட்கார வேண்டும் என்ற விதி 2021 வரை இருந்தது. அந்த ஏப்ரலில் ஒருமுறை மட்டும் உட்காராமல் மாறலாம் என்றார்கள். ஜூலை 1 முதல் பெயர், உருவம், புகழ் இவற்றை வைத்துப் பணம் சம்பாதிக்கவும் அனுமதி வந்தது. இரண்டும் ஒரே கோடையில் வந்ததால்தான் மாறுவதும் பணமும் ஒன்று என்று மக்கள் மனதில் ஒட்டிக்கொண்டது.

இரண்டாவது முறை மாறினால் உட்கார வேண்டும் என்ற மிச்ச விதியும் 2023 டிசம்பரில் விழுந்தது. மேற்கு வர்ஜீனியாவில் ஒரு கூட்டாட்சி நீதிமன்றம் அந்த விதிக்குத் தடை போட்டது. வாஷிங்டன், மொன்டானா ஸ்டேட் வழியாக மேற்கு வர்ஜீனியா அணிக்கு வந்திருந்த ரேக்வான் பேட்டில் அதனால்தான் அந்த சீசனில் களமிறங்கினார். 2024 ஏப்ரலில், கல்லூரி விளையாட்டுகளை நடத்தும் அமைப்பான என்.சி.ஏ.ஏ. தானே விதியை மாற்றியது. படிப்பில் தேறியிருந்தால் எத்தனை முறை வேண்டுமானாலும் மாறலாம்.

போர்ட்டல் திறந்திருக்கும் நாட்கள் மட்டும் சுருங்கிக்கொண்டே வருகின்றன. முதலில் 60 நாள், பிறகு 45, பிறகு 30. இப்போது 15. 2025-ல் மார்ச் 24 அன்று திறந்தார்கள்; தேசியப் போட்டியில் பதினாறு அணிகள் இன்னும் ஆடிக்கொண்டிருந்தன. 2026 முதல் இறுதி ஆட்டம் முடிந்த மறுநாள்தான் திறக்கிறது. தலைமைக் கோச் மாறினால் அந்த அணிக்குத் தனி அவகாசம் உண்டு. இதில் ஒரு நுணுக்கம்: பெயரைப் போடுவதற்குத்தான் கெடு. புது இடத்தைத் தேர்ந்தெடுக்க இல்லை. கெடுவுக்குள் பெயரைப் போட்டுவிட்டு ஜூனில் முடிவு சொல்பவர்கள் உண்டு. “இவ்வளவு நாள் இழுக்கிறார், பேரம் பேசுகிறார்” என்பதற்கு முன் இதை நினைவில் வையுங்கள்.

சரி, ஒரு பெயர் போர்ட்டலில் வந்துவிட்டது. எதைப் பார்ப்பது?

நான் முதலில் பார்ப்பது தேதி. கோச் போன செய்தி வந்த சில நாளில் பெயர் ஏறினால் காரணம் கிட்டத்தட்ட முடிவானது. போர்ட்டல் திறந்த முதல் நாளே ஏறினால், திறப்பதற்கு முன்பே முடிவெடுத்துவிட்டார் என்று அர்த்தம். அப்போது ஜனவரி, பிப்ரவரி ஆட்டங்களில் தேட வேண்டும். நடுவில் ஏறினால், அணிக்கு அதே பொசிஷனில் வேறொருவர் வந்த செய்தி முந்தின நாட்களில் வந்ததா என்று பாருங்கள். கடைசி நாள் ஏறுபவர்கள் தங்கியிருக்கவே முயன்றவர்களாக இருப்பார்கள். பேச்சு எங்கோ முறிந்திருக்கும். அது பணப் பேச்சாகவும் இருக்கலாம், “நீ அடுத்த வருடம் ஆறாவது ஆள்” என்ற பேச்சாகவும் இருக்கலாம்.

போர்ட்டலில் “தொடர்பு கொள்ள வேண்டாம்” என்று ஒரு குறி போட வழி உண்டு. அந்தக் குறியோடு பெயர் வந்தால் போகும் இடம் அவருக்குத் தெரியும் என்பதற்கு அதைவிடத் தெளிவான அடையாளம் கிடையாது. பெயர் ஏறுவதற்கு முன் வேறு கல்லூரி பேசுவது விதிமீறல்தான். ஆனால் பேச்சு கோச்களுக்கிடையே நேரடியாக நடக்க வேண்டியதில்லை. ஏஜென்ட், பள்ளிக் காலத்துக் கோடைக்கால அணியின் கோச், உறவினர் என்று எத்தனையோ வழிகள். நிரூபிப்பது அவ்வளவு கடினம் என்பதால்தான் தண்டனைகள் அரிதாக இருக்கின்றன.

அடுத்தது நிமிடங்கள். இதில் கொஞ்சம் நிற்க வேண்டும், ஏனென்றால் பெரும்பாலான மாற்றங்களின் வேர் இங்கேதான்.

ஒரு ஆட்டம் 40 நிமிடம், களத்தில் ஐந்து பேர்; ஆக ஒரு கோச்சிடம் பங்கு போட 200 நிமிடங்கள் இருக்கின்றன. முதல் ஐவர் ஆளுக்கு 30 நிமிடம் ஆடினால் 150 போய்விடும். மீதி 50-ஐ மூன்று அல்லது நான்கு பேர் பிரித்துக்கொள்வார்கள். இப்போது ரோஸ்டரில், அதாவது அணியின் பெயர்ப்பட்டியலில், 15 பேர் வரை வைத்துக்கொள்ளலாம். அப்படியென்றால் ஆறேழு பேருக்கு ஒன்றுமே இல்லை. இவர்கள் எல்லாரும் பள்ளியில் ஊரிலேயே பெரிய ஆட்டக்காரர்களாக இருந்தவர்கள். ஒவ்வொரு வசந்தத்திலும் ஆண்கள் முதல் டிவிஷனில் மட்டும் 2,000 பேருக்கு மேல் போர்ட்டலுக்குப் போகிறார்கள் என்றால், அதில் பெரும்பகுதி இந்தக் கணக்கின் விளைவு. செய்தியில் வரும் கோடீஸ்வர ஒப்பந்தங்கள் மேலே மிதக்கும் சிலருடையவை.

சராசரி நிமிடத்தை மட்டும் பார்த்தால் ஏமாந்துவிடுவீர்கள். நவம்பர், டிசம்பரில் எளிய அணிகளோடு 25 நிமிடம் ஆடியவர், கான்ஃபரன்ஸ் (கல்லூரிகள் சேர்ந்திருக்கும் குழு) ஆட்டங்கள் தொடங்கியதும் 9 நிமிடத்துக்கு இறங்கியிருப்பார். மொத்தச் சராசரி 16 என்று காட்டும். “நல்லாத்தானே ஆட விட்டார்கள்” என்பார்கள். கான்ஃபரன்ஸ் ஆட்டங்களைத் தனியாகப் பிரித்துப் பாருங்கள். இரண்டாம் பாதியின் கடைசி ஐந்து நிமிடம், வித்தியாசம் ஐந்து புள்ளிக்குள் இருக்கும்போது அவர் களத்தில் இருந்தாரா என்று பாருங்கள். கோச் யாரை நம்புகிறார் என்பது அங்கே தெரியும். 28 நிமிடம் ஆடியும் நெருக்கடியில் பெஞ்சில் உட்கார வைக்கப்பட்டவர் போர்ட்டலுக்குப் போனால் எனக்கு ஆச்சரியம் இருக்காது.

நிமிடம் போதுமான அளவு இருந்தும் ஒருவர் கிளம்பினால், அணியின் தாக்குதல்களில் எவ்வளவு அவர் கையில் முடிந்தது என்று பார்க்க வேண்டும். யூசேஜ் என்பார்கள். கணக்கு எளிது: அவர் எடுத்த ஷாட்டுகள், ஃப்ரீ த்ரோ எண்ணிக்கையில் 0.44 பங்கு, இழந்த பந்துகள், இந்த மூன்றையும் கூட்டி, அவர் களத்தில் இருந்த நேரத்தில் அணி முழுவதும் எடுத்த அதே கூட்டுத்தொகையால் வகுக்க வேண்டும். 10 ஷாட், 5 ஃப்ரீ த்ரோ, 2 டர்ன்ஓவர் என்றால் 14.2. அந்த நேரத்தில் அணியின் மொத்தம் 60 என்றால் சுமார் 24 சதவீதம். ஐந்து பேர் சமமாகப் பங்கு போட்டால் 20 வரும். 32 நிமிடம் ஆடி 14 சதவீத யூசேஜ் மட்டுமே உள்ளவர், மூலையில் நின்று மூன்று புள்ளி ஷாட்டுக்குக் காத்திருந்தவர். தன்னை பாயிண்ட் கார்டாக (ஆட்டத்தை நடத்துபவராக) நினைக்கும் ஒருவருக்கு, தொழில்முறை லீகான என்.பி.ஏ.வுக்கு ஆள் தேடும் ஸ்கவுட்டுகளிடம் தன்னை அப்படிக் காட்ட வேண்டியவருக்கு, அது போதாது.

இதற்கு நேர்மாறும் நடக்கும். டால்டன் நெக்ட் இரண்டு வருட ஜூனியர் காலேஜிலிருந்து நார்தர்ன் கொலராடோ போய் அங்கே ஆட்டத்துக்கு 20 புள்ளிக்கு மேல் எடுத்தார். நிமிடம், பந்து இரண்டுக்கும் குறையில்லை. இல்லாதது எதிராளி. சிறிய கான்ஃபரன்ஸில் எடுத்த புள்ளியை ஸ்கவுட்டுகள் அப்படியே எடுத்துக்கொள்ள மாட்டார்கள். 2023-ல் டென்னசி போய் 21.7 எடுத்து, பெரிய கான்ஃபரன்ஸ்களில் ஒன்றான எஸ்.இ.சி.யின் சிறந்த வீரரானார். 2024 டிராஃப்ட்டில் (என்.பி.ஏ. அணிகள் புது வீரர்களை வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் நிகழ்வு) லேக்கர்ஸ் அணி 17-வது இடத்தில் எடுத்தது. அவரைப் பணத்துக்குப் போனவர் என்று சொன்னால், அந்த ஒரு வருடத்தில் அவர் நிரூபித்ததைப் பார்க்கவே இல்லை என்றுதான் அர்த்தம்.

மூன்றாவது, இரண்டு அணிகளின் பெயர்ப்பட்டியலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது. கெலெல் வேர் இதற்கு அழகான உதாரணம். ஓரிகனில் முதல் வருடம் சராசரி 6.6 புள்ளி. அங்கே சென்டராக இருந்தவர் என்ஃபாலி டான்டே. அவர் மறுவருடமும் தங்கினார். இண்டியானாவில் டிரேஸ் ஜாக்சன்-டேவிஸ் என்.பி.ஏ.வுக்குப் போய், கூடைக்கு அருகே ஆடும் இடம் முழுவதும் காலி. வேர் 2023-ல் இண்டியானா போனார், 15.9 புள்ளி எடுத்தார், மறுவருடம் டிராஃப்ட்டில் 15-வது. விட்டதற்கான காரணம் ஒரு பட்டியலில், பிடித்ததற்கான காரணம் இன்னொரு பட்டியலில்.

நவம்பரில் கையெழுத்திடும் பள்ளி மாணவர்களையும் மறக்காதீர்கள். ஒரு கார்டு ஏப்ரலில் கிளம்புகிறார் என்றால், ஐந்து மாதம் முன்பே தன் பொசிஷனுக்கு நாட்டின் முதல் 30 பேரில் ஒருவர் வருகிறார் என்பது அவருக்குத் தெரிந்திருக்கும்.

சிலர் போகவில்லை, அனுப்பப்படுகிறார்கள். இதை ரசிகர்கள் போதுமான அளவு பேசுவதில்லை. பெரிய கான்ஃபரன்ஸ்களில் ஆட்டம் சரியில்லை என்பதற்காக ஸ்காலர்ஷிப்பைப் பறிக்கக் கூடாது என்று 2015-லேயே விதி வந்தது. அதனால் சீசன் முடிந்ததும் கோச் தனித்தனியாக எல்லாரையும் கூப்பிட்டுப் பேசும்போது, “உனக்கு இங்கே அடுத்த வருடம் நிமிடம் இருக்காது” என்று சொல்லிவிடுவார். மறுநாள் போர்ட்டலில் பெயர். கோச்சும் வீரரும் நன்றி சொல்லி அறிக்கை விடுவார்கள். அந்தப் பையனைத் துரோகி என்று ஆயிரம் பேர் திட்டுவார்கள். இருபது வயதுப் பையன், “என்னை வேண்டாம் என்றார்கள்” என்று வெளியே சொல்லவும் முடியாது. சொன்னால் அடுத்த கல்லூரி யோசிக்கும். அவன் வாயை மூடிக்கொண்டு வசவை வாங்கிக்கொள்கிறான். இதில் எனக்குக் கோபம்தான் வருகிறது.

போர்ட்டலுக்குள் போவதிலும் ஆபத்து உண்டு. பெயர் ஏறியதும் பழைய கல்லூரி அந்தப் பருவத்தோடு ஸ்காலர்ஷிப்பை நிறுத்தலாம். பெயரைத் திரும்ப எடுக்கலாம். ஆனால் திரும்பச் சேர்த்துக்கொள்ளும் கட்டாயம் அவர்களுக்கு இல்லை. ஒவ்வொரு வருடமும் கணிசமானவர்கள் இடமே கிடைக்காமல் நிற்கிறார்கள், அல்லது கீழ் டிவிஷனுக்கு இறங்குகிறார்கள்.

கோச் விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. கோச் போனால் வீரர் பின்னால் போவார் என்று கண்ணை மூடிச் சொல்ல முடியாது. 2023-ல் ரிக் பிட்டினோ அயோனாவை விட்டு செயின்ட் ஜான்ஸ் போனபோது டேனிஸ் ஜென்கின்ஸ் கூடவே போனார். அணியின் பெரிய நட்சத்திரம் வால்டர் கிளேட்டனும் வருவார் என்ற எதிர்பார்ப்பு இருந்தது. அவர் சொந்த மாநிலமான ஃப்ளோரிடாவுக்குத் திரும்பினார். 2025-ல் ஃப்ளோரிடா பல்கலைக்கழக அணி ஹூஸ்டனை 65-63 என்று வென்று சாம்பியன் ஆனபோது, ஃபைனல் ஃபோரின் சிறந்த வீரர் அவர்தான். அந்த அணியில் மேலே சொன்ன அலிஜா மார்ட்டினும் இருந்தார். தலைமைக் கோச்சைவிட, வீரரைப் பள்ளியில் கண்டுபிடித்து வீட்டுக்கு வந்து பேசிய உதவிக் கோச் முக்கியமானவராக இருப்பதும் உண்டு. அவர் வேறிடம் போன செய்தி நாலு வரியில் வந்துபோகும். யாரும் கவனிக்க மாட்டார்கள். ஒரு வீரரின் மாற்றம் புரியவே இல்லை என்றால் புது அணியின் உதவிக் கோச்கள் பட்டியலைத் திறந்து பாருங்கள்.

இனி பணம். இல்லை என்று சொல்லவில்லை. மிகப் பெரிய விஷயம்தான்.

நைஜல் பேக் 2022-ல் கான்சஸ் ஸ்டேட்டிலிருந்து மயாமி போனார். இரண்டு வருடத்துக்கு 8 லட்சம் டாலர், கூடவே ஒரு கார் என்று பணம் தந்த தொழிலதிபரே டுவிட்டரில் அறிவித்தார். தொகையை இப்படி வெளிப்படையாகச் சொல்வது அப்போது அரிது. சில நாட்களில் அதே அணியின் ஐசாயா வாங்கின் ஏஜென்ட், அவருக்கும் கூட்டித் தராவிட்டால் போர்ட்டலுக்குப் போவார் என்றார். வாங் கடைசியில் தங்கினார், மறுவருடம் மயாமி ஃபைனல் ஃபோர் போனது. பேக்கின் மாற்றத்தை எல்லாரும் பணத்துக்கான முதல் உதாரணமாகச் சொல்வார்கள். அவருடைய கோச் புரூஸ் வெபர் அந்த மார்ச்சிலேயே பதவி விலகியிருந்தார் என்பது அந்தப் பேச்சில் காணாமல் போய்விடும்.

கிரேட் ஓசோபர் விஷயமும் அப்படியே. 2024-ல் வாஷிங்டன் போனபோது சுமார் 20 லட்சம் டாலர் என்று செய்தி வந்தது; அந்தச் சமயத்தில் அது மலைக்க வைத்த தொகை. யூட்டா ஸ்டேட் ரசிகர்கள் கொதித்தார்கள். ஆனால் அவர் பாதையைப் பாருங்கள்: மொன்டானா ஸ்டேட், யூட்டா ஸ்டேட், வாஷிங்டன். கோச் டேனி ஸ்பிரிங்கிளின் பாதையும் எழுத்துப் பிசகாமல் அதுதான். முதல் முறை அவர் பின்னால் போகும்போது ஓசோபர் பெரும்பாலும் பெஞ்சிலிருந்து இறங்கிய வீரர். யாரும் லட்சங்களை வைத்துக்கொண்டு காத்திருக்கவில்லை. அதற்காக இரண்டாவது முறை பணம் ஒரு பொருட்டே இல்லை என்றும் சொல்ல மாட்டேன். இரண்டும் ஒரே திசையில் இழுத்தன.

செய்தியில் வரும் தொகையை அப்படியே நம்பாதீர்கள். அதைக் கசியவிடுபவர் பெரும்பாலும் ஏஜென்ட்; பெரிய எண் வந்தால் அவருடைய அடுத்த வீரருக்கு நல்லது. விருது வாங்கினால்தான் கிடைக்கும் பகுதியும் அதில் சேர்ந்திருக்கலாம். என்.பி.ஏ.வில் ஏஜென்ட் கமிஷனுக்கு 4 சதவீதம் உச்சவரம்பு. கல்லூரியில் அப்படி ஒரு கட்டுப்பாடு இல்லாததால் 10, 20 சதவீதம் கேட்பவர்களும் இருக்கிறார்கள். வரி வேறு. மாநில வருமான வரி இல்லாத ஃப்ளோரிடா, டெக்சஸ், டென்னசி போன்ற இடங்களில் கையில் மிஞ்சுவது கூடும்.

2025 ஜூலை 1 முதல் கல்லூரிகளே நேரடியாகப் பணம் தரலாம். வீரர்கள் என்.சி.ஏ.ஏ. மீது போட்ட ஹவுஸ் வழக்கின் சமரசத்தால் வந்தது இது. முதல் வருடம் ஒரு கல்லூரிக்கு எல்லா விளையாட்டுகளுக்கும் சேர்த்து சுமார் 2 கோடியே 5 லட்சம் டாலர் உச்சவரம்பு. வெளியிலிருந்து வரும் 600 டாலர் அல்லது அதற்கு மேற்பட்ட ஒப்பந்தங்கள் தணிக்கைக்குப் போக வேண்டும். பெரிய ஃபுட்பால் அணி உள்ள கல்லூரிகளில் இதில் பெரும்பங்கு ஃபுட்பாலுக்குப் போகிறது. செயின்ட் ஜான்ஸில் ஃபுட்பால் அணியே இல்லை. கூடைப்பந்தில் அவர்கள் எப்படி இவ்வளவு போட்டி போடுகிறார்கள் என்று கேட்பவர்கள் முதலில் இதைப் பார்க்கலாம்.

வெளிநாட்டு வீரர்களுக்கு இந்தக் கணக்கே வேறு. மாணவர் விசாவில் இருப்பவர் அமெரிக்க மண்ணில் இப்படிச் சம்பாதிப்பது சட்டச் சிக்கல். 2022 ஆகஸ்டில் கென்டக்கி அணி பஹாமாஸ் போனபோது ஆஸ்கர் ஷீப்வே அங்கே வைத்துத் தன் ஒப்பந்த வேலைகளை முடித்தது அதனால்தான். வெளிநாட்டவர் ஒருவர் மாறினால் “காசு” என்று எடுத்த எடுப்பில் சொல்வது பொருந்தாமல் போகலாம்.

படிப்பைப் பற்றி யாருமே பேசுவதில்லை. மூன்றாம் வருடத் தொடக்கத்தில் பட்டத்தின் 40 சதவீதம், நான்காம் வருடத்தில் 60, ஐந்தாம் வருடத்தில் 80 முடித்திருக்க வேண்டும் என்பது தகுதி விதி. 120 கிரெடிட் பட்டமென்றால் 48, 72, 96. சிக்கல் என்னவென்றால், புதுக் கல்லூரி ஏற்றுக்கொள்ளும் கிரெடிட்டைத்தான் எண்ணுவார்கள். மூன்று வருடத்தில் 80 கிரெடிட் முடித்தவருக்கு அங்கே அவர்கள் வைத்திருக்கும் பட்டத்துக்கு 58 மட்டுமே பொருந்தினால், அவர் ஆட முடியாது. கோடையில் ஆன்லைன் வகுப்புகளை அடுக்கி ஈடுகட்ட வேண்டும், அல்லது பொதுப்படிப்பு மாதிரி எதையும் ஏற்கும் பட்டத்துக்கு மாற வேண்டும். “அந்தக் கல்லூரி இவ்வளவு கேட்டும் ஏன் போகவில்லை” என்ற கேள்விக்குச் சில சமயம் பதில் அட்மிஷன் அலுவலகத்தில் இருக்கும். பட்டத்தை முடித்துவிட்டு மேற்படிப்பு மாணவராக மாறுபவருக்கு இந்தத் தொல்லை இல்லை. யேல் போன்ற பழைய பல்கலைக்கழகங்களின் கான்ஃபரன்ஸான ஐவி லீகில் இன்னொரு விஷயம்: விளையாட்டு ஸ்காலர்ஷிப் கிடையாது, மேற்படிப்பு மாணவர்கள் ஆடவும் கூடாது. தகுதி வருடம் மீதமிருந்தும் பட்டம் வாங்கியவர் அங்கிருந்து போயே ஆக வேண்டும். பட்டத்துக்கு முன்பே கிளம்புபவர்களும் உண்டு. யேலிலிருந்து டேனி வுல்ஃப் 2024-ல் மிச்சிகன் போனார், கோல்டினோடு இரண்டு ஏழடி ஆட்களாக ஆடினார், 2025 டிராஃப்ட்டின் முதல் சுற்றில் போனார்.

வீட்டில் யாருக்கோ உடம்பு சரியில்லை, மனம் சரியில்லை என்ற காரணங்களும் உண்டு. அவற்றைத் தோண்டக் கூடாது. வீரரே சொன்னால் கேட்டுக்கொள்ளலாம். சொல்லாதபோது அவருடைய குடும்பத்தாரின் பக்கங்களைத் துருவிப் படமெடுத்துப் போடுவதை வாதம் என்று சொல்லாதீர்கள்.

உங்கள் ஊகம் சரியா என்று பார்க்க அறிக்கைகள் உதவாது. கடவுளுக்கும் குடும்பத்துக்கும் நன்றி, ரசிகர்களை மறக்க மாட்டேன் என்ற அச்சு எல்லாருக்கும் ஒன்றுதான். மறுவருட ஜனவரி வரை காத்திருங்கள். நிமிடத்துக்காகப் போனார் என்றால் கான்ஃபரன்ஸ் ஆட்டங்களில் நிமிடம் கூடியிருக்க வேண்டும். பாயிண்ட் கார்டாக ஆடப் போனார் என்றால் அசிஸ்ட்டும் (கூடைக்கு வழிவகுத்த பாஸ்கள்) யூசேஜும் ஏறியிருக்க வேண்டும். ஏறவில்லையென்றால் ஒன்று உங்கள் ஊகம் தவறு, அல்லது அவருக்குக் கொடுத்த வாக்கு காப்பாற்றப்படவில்லை. ஏஜே ஸ்டார் விஸ்கான்சினில் ஆட்டத்துக்கு 16.8 புள்ளி எடுத்தவர். 2024-ல் கான்சஸ் போனார், அங்கே 6.1. மறுவருடம் ஓல் மிஸ் (மிசிசிப்பி பல்கலைக்கழகம்). விஸ்கான்சின் ரசிகர்கள் அவர் ஏன் போனார் என்று இன்னமும் வாதிடுகிறார்கள். கான்சஸில் அவருடைய பொசிஷனில் அந்த வருடம் எத்தனை பேர் இருந்தார்கள், பந்து யார் கையில் இருந்தது என்பதை எடுத்து வைத்துக்கொண்டு பேசினால் அந்த வாதத்துக்கு ஒரு உருவம் கிடைக்கும்.